கைப்பிள்ளைக்காரியின் வழிபாடு: புதிய தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு நான் மருமகளாக வந்தவள். சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புப் பகுதி வீடுகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் தோட்டத்து மாரியம்மன் கோவில்களும் வெள்ளிக்கிழமை விளக்கும் பிள்ளை பெற்ற வீட்டின் பத்திய மணமும் அப்படியேதான் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்து விளக்கேற்றாமல் இருந்து பழகாத எனக்கு, மகள் பிறந்த பிறகு மூன்று வாரங்கள் பூசை அறையைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. தலை வாரிக்கொள்ளவே நேரமில்லாத அந்த நாள்களில், சாமியை மறந்துவிட்டேனே என்ற உறுத்தலும் சேர்ந்துகொண்டது.

ஒரு மாலையில் அதைச் சொல்லி நான் அழுதபோது, பக்கத்து வீட்டு ஆயாம்மாதான் வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். விடிவதற்கு முன்பே தாய்மார்கள் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஓடுவார்கள். "நீ ஏன்மா வெளக்குக்கு அழுவுற? அவங்க எல்லாம் ரப்பர்ப் பால் வெட்டப் போனப்புறம் நான் கொட்டகையில ஒரே ஒரு வெளக்குதான் ஏத்துவேன். இருவது புள்ளைக்கும் அதான், இருவது தாய்க்கும் அதான். ஒன்னோடத யாராச்சும் ஏத்தட்டும். நீ புள்ளையத் தூக்கு" என்றார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். கைப்பிள்ளைக்காரியின் வழிபாட்டை அவளுடைய கைகள் தாங்கும் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம், மீதியை நம்பிக்கையானவர்களிடம் கொடுத்து வைக்கலாம் என்பதே நான் சொல்ல வருவது. நான் அம்மனைக் கும்பிடும் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் அந்த வழக்கங்களை வைத்தே எழுதுகிறேன். ஆனால் தேவாலயத்துக்குச் செல்லும் என் தோழியும் இதே தவிப்பைத்தான் பட்டாள்.

முதல் படி: பிரசவத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

வளைகாப்பு முடிந்த கையோடு வீட்டாரை உட்கார வைத்து, பிள்ளை பிறந்த பிறகு இந்த வீட்டில் யார் விளக்கேற்றுவது என்று பேசிவிடுங்கள். கணவரோ மாமனாரோ கொழுந்தனோ, பெயரைச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்த்துக்கொள்வதில்லை. என் கணவருக்குத் திரி திரிக்கக்கூடத் தெரியாது. எட்டாம் மாதத்தில் கற்றுக்கொடுத்தேன், இன்றுவரை செவ்வாய்க்கிழமை விளக்கு அவருடையதுதான்.

அடுத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். தொட்டில் கட்டுவதற்காக அம்மாவோ அத்தையோ பத்திரப்படுத்திய பழைய நூல் சேலை பெரும்பாலும் அந்துருண்டைகளுக்கு நடுவில்தான் இருக்கும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே அந்துருண்டைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, சேலையைத் துவைத்துப் பல நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். முகர்ந்து பார்த்து மணம் மிச்சமிருந்தால் வேறு சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் ஆசி அந்தச் சேலையோடு போய்விடாது.

தொட்டில் கட்டும் இடமும் இப்போதே முடிவாகட்டும். சின்ன வீடுகளில் பூசை மாடத்துக்குப் பக்கத்து விட்டத்தில்தான் கொக்கி இருக்கிறது. ஆடும் சேலையும் எரியும் விளக்கும் ஒரே மூலையில் இருக்கவே கூடாது, இரண்டில் ஒன்றை இடம் மாற்றுங்கள். பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது தொட்டிலில் ஆட்டலாம். இரவில் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் சேலை மடிப்பில் தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதிகள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதோர் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதியாவிட்டால், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுதுவதிலிருந்தே சிக்கல் தொடங்கும். அம்மன் சாட்சியாக நடந்த திருமணத்துக்கு அரசாங்கச் சாட்சியையும் பிரசவத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: முதல் மணி நேரமும் சேனையும்

பிள்ளை பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அதில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி மிகுந்திருக்கிறது, ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

சேனை வைப்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசமும் ஆபத்தும் ஒரே விரல் நுனியில் வந்து நிற்கும் இடம் அது. குடும்பத்தின் மூத்தவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுக் குழந்தையின் நாவில் வைத்தால், அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் நம்பிக்கை. தேனில் கிளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் விதைமணிகள் இருக்கக்கூடும். அவை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்து, மூச்சையே நிறுத்தக்கூடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கிக்கொள்ளும், கைக்குழந்தையின் குடல் தாங்காது. எனவே 12 மாதம் முடியும்வரை தேன் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீரும் தேவையில்லை.

அதற்காகப் பெரியவரின் கையைத் தட்டிவிட வேண்டியதில்லை. எங்கள் மாமனார் ஆஸ்பத்திரி வாசலில் சிறு தேன் குப்பியோடு நின்றபோது, "மாமா, நாக்குல வேணாம். நீங்கதான் முதல்ல தூக்கி, காதுல குலசாமி பேரச் சொல்லணும்" என்றேன். அவர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, நடுங்கும் கையால் பேத்தியை வாங்கி, குனிந்து மூன்று முறை சொன்னார். குப்பி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

மூன்றாம் படி: தீட்டு நாள்கள்

பதினொன்று, பதினாறு, முப்பது, நாற்பது என்று தீட்டுக் கணக்கு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் வீட்டு வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். இதை ஒதுக்கிவைப்பதாக எடுத்துக்கொண்டு நானும் முதலில் மனம் புழுங்கினேன். ஆனால் ஒற்றைக் குழாயில் தண்ணீர் பிடித்து, விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போன, லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டுப் பெண்ணுக்கு, யாரும் வேலை ஏவ முடியாத நாள்கள் வாழ்க்கையில் இவை மட்டும்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஓய்வை வாங்கிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் சாமி பெயரைச் சொல்வதற்கு எந்தத் தீட்டும் தடையில்லை.

தீட்டு வீட்டு வாசலை அடைத்துக்கொள்ளக் கூடாத காரியம் ஒன்று உண்டு. முதல் வாரங்களில் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தாதி வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். நம் பெரியவர்கள் மிஸ்ஸி என்று அழைப்பது அவரைத்தான். குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால் அவர் கிளினிக்குக்கு வரச் சொல்வார். அப்போது பதினாறு கழியட்டும், முப்பது கழியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பி நாளைக் கடத்தவும் கூடாது, ஏனென்றால் மஞ்சள் அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் தாயின் மேல் எந்தத் தெய்வத்துக்கும் கோபம் வராது.

குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டுவதை நான் விட்டுவிட்டேன். அந்தப் புகை குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. மணம் வேண்டுமென்று அத்தை ஆசைப்பட்டபோது, குழந்தையைக் கூடத்துக்குத் தூக்கிப் போய்விட்டு, பூசை அறையில் மட்டும் கொஞ்சம் போட்டு, புகை அடங்கிய பிறகு வந்தோம். கற்பூர எண்ணெயைக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது இதைவிடப் பெரிய ஆபத்து, அது வலிப்பு வரை கொண்டுபோய்விடும். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலோ உள்ளங்காலிலோ இருக்கட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம். மந்திரித்த கயிற்றைக் கழுத்தில் கட்டாதீர்கள். இடுப்பில் தளர்வாகக் கட்டி, வாரம் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

பத்தியத்தில் மருந்துச் சரக்குகள் சேர்த்த செலவு ரசமும் பூண்டும் நல்லெண்ணெயும் எனக்கு இதமாகவே இருந்தன. தண்ணீரைக் குறைக்கச் சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள், பால் கொடுப்பவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் வேண்டும்.

அம்மா ஜொகூரிலோ தமிழ்நாட்டிலோ இருக்க, மாமியார் வீட்டில் தனியாகப் பிள்ளை பெற்றவளுக்கு இந்த நாள்கள் மிக நீண்டவை. திருச்சிராப்பள்ளியில் காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாமல் போக, பிரசவ வேதனையில் இருந்த பெண்ணுக்குச் சிவபெருமானே அவள் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பதும், அதனால் அவர் தாயுமானவர் ஆனார் என்பதும் நாம் அறிந்த கதை. சாமியே சோறு வடித்து, துணி அலசி, பிள்ளையைக் கழுவியிருக்கிறார். அடுத்த வீட்டுப் பெண் ஒரு சட்டி ரசத்தோடு வந்து நின்றால், சிரமம் கொடுக்கிறோமே என்று வாசலில் வைத்தே அனுப்பிவிடாமல் உள்ளே கூப்பிடுங்கள்.

நான்காம் படி: பால் வேளையே பூசை வேளை

பெரிய கோவில்களில் நாளுக்கு ஆறு காலப் பூசை நடக்கிறது. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும். தனியாக வழிபாட்டுக்கென்று அரை மணி நேரம் தேடிக் கிடைக்காமல் அழுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் இந்தப் பன்னிரண்டில் மூன்றை எடுத்துக்கொள்வது எளிது என்று எனக்கு விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று.

விடியற்காலை, விளக்கு வைக்கும் நேரம், நடுச்சாமம் என்று மூன்று பால் வேளைகளைத் தேர்ந்தெடுங்கள். குழந்தை காம்பைச் சரியாகப் பற்றிக் குடிக்கத் தொடங்கிய பிறகு, மனப்பாடமாகத் தெரிந்த நான்கே வரிகளை மெதுவாகச் சொல்லுங்கள். புதிதாக எதையும் கற்றுக்கொள்ளப் போகாதீர்கள், பார்த்துப் படிக்கவும் வேண்டாம். கைபேசியை எடுத்தால் கை போகும், கண் போகும், பிறகு மனமும் போய்விடும். நான்கு வரியும் வராத அளவுக்கு அசதியாக இருந்தால் "தாயே" என்ற ஒரு சொல் போதும். என் மகள் குடிக்கும்போது தொண்டையில் 'க்ளுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒருமுறை சொன்னேன். செபமாலை இல்லாமலே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

இதை நம் மரபுக்குப் புறம்பானது என்று யாராவது சொன்னால், பிள்ளைத்தமிழை நினைவுபடுத்துங்கள். காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கிப் பத்துப் பருவங்களாக விரியும் அந்தப் பாடல்வகையில், முருகனையும் மீனாட்சியையும் குழந்தையாக மடியில் போட்டுத்தான் கொஞ்சுகிறோம். சாமியைப் பிள்ளையாகப் பார்க்கத் தெரிந்த தமிழுக்கு, பிள்ளைக்குப் பால் கொடுப்பது பூசைதான் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பெயர்

பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ காப்பரிசி கிளறிப் பெயர் சூட்டுவோம். ஆனால் பதிவு இலாகா வேலை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே குருக்களிடம் நட்சத்திர எழுத்தைக் கேட்டு, பெயரை முடிவு செய்துவிடுங்கள். மலாய்மொழிப் படிவத்தில் ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டியிருப்பதால், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினாலும் அது பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கடப்பிதழ் என்று பிள்ளையைப் பின்தொடரும்.

ஆறாம் படி: மனம் இருண்டால்

முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானாகவே தெளிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தாலோ, பிள்ளையின் மேல் ஒட்டுதலே இல்லாமல் போனாலோ, பிள்ளை தூங்கும்போதும் உறக்கம் வராவிட்டாலோ, செத்துப்போகலாம் அல்லது பிள்ளையை ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு முறை தலைகாட்டினாலும், அது நோய். கும்பிடாமல் விட்டதற்கு வந்த சாமி குத்தம் என்றும் காத்துக் கருப்பு என்றும் நம்மவர்கள் சொல்லத் தொடங்குவார்கள், அந்தப் பெண்ணும் அதை நம்பிவிடுவாள். கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். கயிறு கட்டிய அதே நாளில் கிளினிக்குக்கும் கூட்டிப்போக வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999ஐ அழையுங்கள். தாயைத் தனியாக விடாதீர்கள்.

ஏழாம் படி: நேர்த்திக்கடனுக்குத் தவணை உண்டு

பிரசவ வலியில் நாம் வேண்டிக்கொள்ளாதது இல்லை. பால்குடம், முடி காணிக்கை, கரும்பில் சேலை கட்டிக் குழந்தையைச் சுமந்து போகும் கரும்புத் தொட்டில் என்று பட்டியல் நீண்டிருக்கும், அதை உடனே முடிக்கவில்லையே என்ற பயமும் இருக்கும். அதற்கு வழியை முன்னோரே வைத்துவிட்டார்கள். 50 சென் காசு ஒன்றை மஞ்சள் தடவிய துணியில் முடிந்து, வேண்டுதலைச் சொல்லிச் சாமி படத்தின் முன் வையுங்கள். "மறக்கவில்லை, முடிந்தபோது வருகிறேன்" என்று தெய்வத்திடம் கொடுக்கும் வாக்கு அது. என்ன வேண்டினோம் என்பதை ஒரு தாளில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுங்கள், இரண்டு வருடம் கழித்து முடிச்சு இருக்கும், காரணம் மறந்திருக்கும்.

கரும்புத் தொட்டிலை, குழந்தைக்குக் கழுத்து நன்றாக நின்ற பிறகு எடுப்பதுதான் நல்லது. தைப்பூசத்தன்று கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்து மலை முருகன் கோவிலின் 272 படிகளிலும் கூட்டம் நெரிக்கும், உருமி மேளம் காதைப் பிளக்கும். அதற்கு முந்திய நாள்களிலேயே பலர் காணிக்கையைச் செலுத்திவிடுகிறார்கள். எங்களைப் போன்ற பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு ஈப்போ கல்லுமலைக் கோவில் பக்கம், அவரவர் தோட்டத்து மாரியம்மன் திருவிழா இன்னும் பக்கம். கரும்புத் தோகையின் ஓரம் கத்திபோல் அறுக்கும் என்பதால், குழந்தை கிடக்கும் இடத்துக்கு மேலும் கீழும் தோகையைச் சுத்தமாகக் கழித்துவிட வேண்டும். முகத்தைத் துணியால் மூடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பி, பால் கொடுக்க ஒதுங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்து, பெரும்பகுதி வழியைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு போய், கோவில் வாசலை நெருங்கிய பிறகு தொட்டிலில் கிடத்தினால் போதும்.

எட்டாம் படி: வேலைக்குத் திரும்பும் காலை

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறைப் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 98 நாள். 99ஆம் நாள் விடியும்போது, தொழிற்சாலை வேன் ஆறு மணிக்கு வாசலில் நிற்கும். கடைசி இரண்டு வாரத்திலிருந்தே பாலைப் பீய்ச்சி வைத்துப் பழக வேண்டும். குளிர்ப்பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாள் வரை வைக்கலாம். வெளியில் நான்கு மணி நேரம்தான் தாங்கும், நம் வெயிலில் அதற்கும் குறைவு. ஒவ்வொரு பையிலும் தேதியும் நேரமும் எழுதுங்கள்.

பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும், தேன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்ற மூன்றையும் அவர் வாயால் திருப்பிச் சொல்லச் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆயாம்மாவிடம்தான் விட்டேன். முதல் நாள் காலையில், விபூதி தூசியாகப் பறந்து மூக்கில் ஏறாதபடி ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து மகளின் நெற்றியில் ஒரு கீற்று வைத்து, அவர் கையில் கொடுத்தேன். அவர் வீட்டு மாடத்தில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. "ஒனக்கும் சேத்துத்தாம்மா" என்றார். வேன்காரர் ஹார்ன் அடித்தார்.